‘ம்’ இல்லாத தோட்டம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கோயமுத்தூர் பீளமேட்டில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்த புதிதில் அவர் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் ஒரே ஒரு சொல் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் சொல்கிற பதில் அவர் எதிர்பார்த்ததாக இல்லையென்றால் இடக்கையால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். சரியான பதில் கிடைக்கிற வரைக்கும் சாப்பிடுவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்ட மாதிரிதான் இருந்தது. நான் கெஞ்சி ஊட்டுகிற இரண்டு வாய்க் கஞ்சியில் எண்பதைத் தாண்டிய உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் என் கவலை.

சொல் என்னவோ எளிதாகத்தான் இருந்தது. ‘தோட்ட’ என்று தொடங்கும். அதற்கு மேல் வாய் திறந்தபடியே நின்றுவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் சின்ன டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னாள்.

“உதடு ரெண்டும் சேர மாட்டேங்குதுங்க மேடம். நாக்கு வேலை செய்யுது. அதனால த, ட, ண எல்லாம் வந்துருமுங்க. உதடு சேந்தாத்தானுங்க ம, ப எல்லாம் வரும்? அதுக்கு இன்னும் நாளாகும்.”

ஆக, கடைசியில் ஒரு ‘ம்’ விழுந்துவிட்டது. அதை நாங்களே போட்டுக்கொண்டோம். தோட்டம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தென்னந்தோட்டம். அம்மா இறந்த பிறகும் என் தம்பி குடும்பத்தோடு அவர் அங்கேதான் இருந்தார். டாக்டரும் பயிற்சியும் பக்கத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் நான் இங்கே வைத்துக்கொண்டேன். காலமெல்லாம் தோட்டத்தில் இருந்த மனுஷனை மூன்றாவது மாடியில் கொண்டுவந்து வைத்தால் வேறு எதைக் கேட்பார்? பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டதும் உருகிப் போனார்கள்.

“மனசு பூராம் தோட்டத்துலயே இருக்குது பாரு கண்ணு எங்கண்ணனுக்கு. மண்ண உட்டுப்போட்டு அந்த உசுரு எப்புடி இருக்கும்?” என்று அத்தை மூக்கைச் சிந்தினார்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். மண்ணோடு மாரடித்தவர்கள் யாரும் மண்ணைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு நானும் தலையாட்டினேன். நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் சொல்லிக்கொடுத்து, அளவுக் கருவிகள் ஆய்வகத்தையும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். கண்ணால் பார்த்து அளவு சொல்லாதே, கருவியை வைத்துப் பார் என்று மாணவர்களிடம் கத்திக் கத்தியே தொண்டை கெட்டுப்போனது. அப்பா விஷயத்தில் கருவி ஒன்றும் கைவசம் இல்லை. ஊர் சொன்னதையே நானும் எடுத்துக்கொண்டேன்.

அவர் பேச்சு போனதில் எனக்கென்று தனியாக ஒரு வருத்தம் இருந்தது. அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அம்மணி என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, நான் வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பிறகும் போனை எடுத்தால் “ஏனம்மணி, சாப்புட்டாச்சா?” என்பதுதான் முதல் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த அழைப்பு இல்லை. உதடு சேராதவர் அதை எப்படிச் சொல்வார்? தெரிந்தும் மனசு கேட்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை அதற்கும் சேர்த்து மூக்கைச் சிந்துவார்.

தம்பி தினமும் காலையில் வீடியோ காலில் தோட்டத்தைக் காட்டினான். தென்னை மரங்களைக் காட்டினான், கிணற்றைக் காட்டினான், வரப்பில் நின்ற மயில்களைக் காட்டினான். அப்பா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார். நேரிலேயே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிப் போனோம். சக்கர நாற்காலியில் வைத்துத் தென்னைகளுக்கு நடுவே தள்ளினோம். அவர் ஒரு மரத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. இடக்கையை நீட்டிக் கட்டுத்தரைப் பக்கமே காட்டினார்.

கட்டுத்தரை என்றால் மாடு கட்டுகிற கொட்டகை. மாடுகளை விற்று வெகுநாளாகிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பி கூரையைப் பிரித்து, தரையில் பாவியிருந்த பலகைக் கற்களையும் பெயர்த்து எடுத்துவிட்டான். அங்கே ஒரு பண்ணைக்குட்டை வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டும் என்பது அவன் திட்டம். அதை ஃபிளாட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் சாயங்காலம் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்லியிருந்தான். அப்பாவுக்கு அந்த ஒற்றைச் சொல் வந்தது அதற்கு மறுநாள் காலையில்தான். இது எங்கள் கவனத்துக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. தோட்டத்தைத் தோண்டுவதில் அப்பாவுக்கு மனசில்லை என்று அதற்கும் ஒரு பொருத்தமான விளக்கம் வைத்திருந்தோம்.

நாற்காலியைத் திருப்ப முயன்றபோது அப்பா இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தார். கட்டுத்தரை இருந்த இடத்தைக் காட்டி “தோட்ட… தோட்ட…” என்றார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

“மாடில்லாம வெறுமையா இருக்குதுன்னு பாக்கறாருங்க்கா. அந்தியூர்ச் சந்தை வரட்டுங்கப்பா, நல்ல கன்னுக்குட்டியா ஒண்ணு புடிச்சுட்டு வந்தர்லாம்” என்றான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு வீடு திரும்பியதும் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை.

அடுத்ததாக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையில் பென்சிலைக் கொடுத்து, மடியில் ஒரு அட்டையும் காகிதமும் வைத்தேன். எழுத வரவில்லை. கொஞ்ச நேரம் கிறுக்கியவர் பிறகு படம் போட ஆரம்பித்தார். நடுங்கி நடுங்கி ஒரு நீள்வட்டம் போட்டார். அதன் தலைமேல் ஒரு சின்னத் தண்டு. தண்டின் நுனியில் விரிந்த மாதிரி நாலைந்து கோடுகள். போட்டுவிட்டுப் பென்சிலால் அதைக் குத்திக் குத்திக் காட்டினார்.

தென்னம்பிள்ளை. தேங்காயிலிருந்து முளைவிட்டு ஓலை விரித்த கன்று. பார்த்ததும் தெரிந்தது. முப்பது வருஷம் டிராயிங் ஹாலில் நின்றவள் இல்லையா நான்? தம்பிக்குப் படத்தை அனுப்பினேன். அடுத்த நாளே அவன் நல்ல நாட்டுத் தென்னம்பிள்ளை ஒன்றைத் தொட்டியில் வைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து பால்கனியில் வைத்தான். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். அப்பா அந்தக் கன்றைப் பார்த்தார், வியர்த்துப்போய் நின்ற தம்பியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பென்சிலை என்மேல் வீசினார்.

இதற்கிடையில் குட்டை வேலையை நிறுத்தி வைக்கவில்லை. ஜே.சி.பி.க்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கிணற்றிலிருந்து மேற்காட்டு நிலத்துக்கு அப்பா ஒரு காலத்தில் மண்ணுக்கடியில் இரும்புப் பைப் போட்டிருந்தார். அது எந்த வழியாகப் போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஜே.சி.பி. அதை வாரி எடுத்துவிட்டால் தண்ணீருக்குத் திண்டாட்டம். அப்பாவிடம் கேட்டால் ‘தோட்ட’ என்பார். நான் ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன்.

“என்ன, புதையல் எடுக்கப் போறியா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பைப்பு எடுக்கப் போறேனுங்க” என்றேன்.

நீளக் கம்பியின் நுனியில் தட்டு மாதிரி ஒரு வளையம். அதை மண்ணுக்கு மேல் தடவிக்கொண்டே போக வேண்டும். உலோகம் இருந்தால் கூவும். அப்பாவுக்குத் துணையாக வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனேன். மாட்டு லாடம், சோடா மூடி, சைக்கிள் செயின், நசுங்கிப்போன அலுமினிய டம்ளர் என்று ஒரு பக்கெட் நிறையச் சேர்ந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் குனிந்து மண்ணைக் கிளறுவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் கிடக்கிறார் என்பது அந்த ஒரு மணி நேரம் நினைவிலேயே இல்லை.

கட்டுத்தரை இருந்த இடத்தின் வடக்கு மூலைக்கு வந்தபோது சத்தம் மாறியது. பைப் என்றால் சத்தம் ஒரு கோடாகத் தொடர்ந்து போகும். இது ஒரே இடத்தில் நின்று விடாமல் கூவியது. பைப்பின் வால்வு இங்கேதான் இருக்கிறது என்று முடிவு கட்டி, தம்பியைக் கூப்பிட்டு மம்முட்டியால் கொத்தச் சொன்னேன். முழங்கை ஆழத்தில் இற்றுப்போன சாக்கு நூல் வந்தது. அதோடு பச்சைக் களிம்பு பிடித்த ஒரு பித்தளைச் சாமான் உருண்டு வந்தது. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.

“கன்மெட்டல் புஷ்ஷாட்ட இருக்குதுங்க்கா. பழைய மோட்டார்ல கழட்டுனதா இருக்கும்” என்றான் தம்பி.

கோயமுத்தூர்க்காரனிடம் கடைசல் பிடித்த எந்த உலோகத்தைக் காட்டினாலும் பம்புசெட்டில் எங்கே மாட்டுவது என்றுதான் யோசிப்பான். நானும் அப்படித்தான் யோசித்தேன். தம்பி மனைவியிடம் கொஞ்சம் புளி வாங்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்தேன். உள்ளே மண் அடைத்திருக்கும் என்று துவைக்கிற கல்லில் இரண்டு தட்டும் தட்டினேன்.  

களிம்பு போனதும் கைப்பையிலிருந்து என் அளவுக் கருவியான வெர்னியரை எடுத்தேன். ஆமாம், ஓய்வு பெற்ற பிறகும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். அடியில் அகலம், மேலே போகப் போகச் சன்னமாகச் சரிகிறது. பிறகு தோள் மாதிரி ஒரு ஒடுக்கம், கழுத்து. கழுத்துக்கு மேலே வேறு உலோகத்தில் கூரான மூக்கு. அடிப்பக்கத்தைத் திருப்பினேன். விளிம்பு மெல்லிய வளையமாக வெளியே தள்ளியிருந்தது. நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன வட்டத் தகடு, பள்ளமோ கீறலோ இல்லாமல். அதைச் சுற்றி இரண்டு ஆங்கில எழுத்து, ரோமன் எண்ணில் ஏழு, ஒரு சிறிய அம்புக்குறி. புஷ் என்பது மோட்டார்த் தண்டு உள்ளே சுற்றுகிற உலோக வளையம், நடுவில் துளை இருக்க வேண்டும். இதில் துளையே இல்லை.

“பொறவு என்னதானுங்க்கா இது?” என்று தம்பி கேட்டான்.

“தோட்டா” என்றேன்.

“தோட்டாவா? கெணத்துக்கு வெக்கறதுங்களா? அது காகிதத்துலயல்லொ சுத்தியிருக்கும்?”

எங்கள் பக்கத்தில் தோட்டா என்றால் கிணற்றில் பாறையை உடைக்க வெடி வைக்கிற குச்சிதான். மற்றத் தோட்டாவை நாங்கள் சினிமாவில் பார்த்ததோடு சரி.

“அதில்ல தம்பி. துப்பாக்கித் தோட்டா. தோட்டா…”

இரண்டாவது தடவை சொல்லும்போது என் வாய் திறந்தபடியே நின்றது. உதடு சேரவில்லை. அந்தச் சொல்லுக்கு உதடு சேரவே வேண்டியதில்லை. அப்பா ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. வாய் கோணியிருந்தாலும் முழுச் சொல்லையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் கடைசியில் ஒரு ‘ம்’மைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறோம்.

கையில் இருந்ததைக் கல்மேல் மெதுவாக வைத்தேன். சுடும்போது துப்பாக்கியின் ஊசி குத்துகிற அந்த நடுப்பொட்டில் பள்ளம் இல்லை என்றால் அது இன்னும் சுடப்படவில்லை என்று அர்த்தம். இதற்கு வெர்னியர் தேவையில்லை. “எல்லாரும் அக்கட்டால போங்க” என்று கத்தினேன். தம்பி மனைவி புளிக் கிண்ணத்தோடு அப்படியே ஓடினாள். தம்பியைப் போலீஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று நான் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். கவிழ்த்துவிடுவாரே என்றார். பரவாயில்லை, கொடுங்க என்றேன். தூரத்திலிருந்தே கேமராவைப் பெரிதாக்கிக் கல்லைக் காட்டினேன்.

“அப்பா, தோட்டாங்களா? நீங்க சொன்னது தோட்டாதானுங்களா?”

அப்பா போனைக் கவிழ்க்கவில்லை. முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். திரை முழுக்க அவர் ஒரு கண்தான் தெரிந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகையா, பெருமூச்சா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை.

“இன்னும் இருக்குதுங்களா?”

தலையாட்டினார்.

“பெருசுங்களா?”

போன் கட்டிலில் விழுந்து கொஞ்ச நேரம் மின்விசிறி தெரிந்தது. வீட்டுக்காரர் எடுத்துப் பிடித்ததும், அப்பா இடக்கையை மடக்கி முன்கையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளம். எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. நீள்வட்டம், தண்டு, விரிந்த கோடுகள்.

“படம் போட்டீங்களே, அதுங்களா? அது தென்னம்பிள்ளை இல்லீங்களா?”

அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டின வேகத்தில் எவ்வளவு நாள் கோபம் இருந்தது என்பது தெரிந்தது. அன்று மத்தியானம் ரசஞ்சோறு பிசைந்து கொடுத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார் என்று வீட்டுக்காரர் போன் செய்தார்.

முதலில் உள்ளூர்ப் போலீஸ் வந்து மஞ்சள் நாடா கட்டியது. பிறகு வெடிகுண்டுப் பிரிவு ஆட்கள் வந்தார்கள். எங்களை ரோட்டோரத்துப் புளியமரம் வரைக்கும் விரட்டினார்கள். அவர்களிடம் இருந்த டிடெக்டருக்கு முன்னால் என்னுடையது விளையாட்டுச் சாமான். அவர்களில் ஒருவர் என் கருவியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத வெச்சுக்கிட்டா நோண்டுனீங்க? இனிமே பீப்புனு கத்துச்சுன்னா கையை வெக்காதீங்கம்மா” என்றார். சரியான திட்டு. வாங்கிக்கொண்டேன்.

அடியில் ஒரு தகர டிரம் இருந்தது. துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்தது. அதில் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைக் கட்டியாகிவிட்ட துப்பாக்கித் தோட்டாக்கள். அவற்றுக்கும் கீழே இரும்பில் இரண்டு குண்டுகள். அவை மோர்ட்டார் குண்டுகள் என்று அந்தக் குழுவின் அதிகாரி பிறகு எங்களிடம் சொன்னார். குழாயில் போட்டு மேலே ஏவுகிற வகை, காற்றில் குப்புறக் கவிழாமல் போவதற்குப் பின்னால் வாலும் இறக்கைகளும் வைத்திருப்பார்கள் என்றார். மணல் நிரப்பிய பெட்டியில் மூக்கைக் கீழே புதைத்து, வால் மேலே தெரியும்படி வைத்திருந்ததைத் தன் போனில் காட்டினார். உருண்டையான உடம்பு, குட்டைத் தண்டு, நுனியில் விரிந்த தகடுகள். பால்கனித் தொட்டியில் இருந்த கன்றேதான். தம்பி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஜே.சி.பி. மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. வண்டியை ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று எங்கே தோண்டுவது என்று காட்டுவதாக இருந்தவன் அவன்.

எல்லாவற்றையும் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். சத்தம் எங்கள் தோட்டம் வரைக்கும் கேட்டது. மயில்கள் கத்தின. இவ்வளவு காலம் மண்ணில் கிடந்தும் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

விசாரணைக்காக ஒரு இன்ஸ்பெக்டர் ஃபிளாட்டுக்கு வந்தார். நல்ல மாதிரியான மனிதர். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஐயா, அங்க பொதைச்சிருந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார்.

“தோட்டா” என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பாவம், தோட்டத்துக்குப் போகோணும்ங்கறாரு போலிருக்குதுங்க.”

“இல்லீங்க சார், அவரு சரியாத்தான் சொல்றாரு” என்றேன்.

எப்படி வந்தது என்பதை ஆமாம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்விகளாக உடைத்து நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் அப்பா ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தோட்டத்திலேயே சின்ன வார்ப்புப் பட்டறை நடத்தினார். பம்புகளுக்கு புஷ் வார்ப்பது வேலை. பழைய பித்தளையைச் சாக்கு சாக்காக வாங்கி உருக்குவார்கள். பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகுகிற ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பொறுக்கியது ஒரு சாக்கில் கலந்து வந்திருக்கிறது. சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக் குப்பிகளுக்கு நடுவே சுடாத தோட்டாக்களும் அந்த இரண்டு குண்டுகளும். அடுப்பில் போட்டிருந்தால் பட்டறையும் இல்லை, நாங்களும் இல்லை. அப்பா பார்த்துவிட்டார். போலீஸுக்குப் போகப் பயம். டிரம்மில் போட்டுக் குழி தோண்டிப் புதைத்து, ஏர் படாமல் இருக்க மேலே கல் பாவிக் கட்டுத்தரை கட்டினார். இதற்கெல்லாம் தலையாட்டினார். அம்மாவிடமாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அது தலையாட்டிப் பதில் சொல்கிற கேள்வி இல்லை. எனக்கு அந்த விஷயத்தில் அவர்மேல் இன்னும் கோபம்தான். நான் அந்தக் கட்டுத்தரையில் நொண்டி விளையாடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அப்பா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தட்டைத் தள்ளவும் இல்லை. விஷயம் தெரிந்த பிறகும் அத்தைக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. ஒரு நாள் வந்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தோட்டத்துக்கே போயர்லாமாங்ண்ணா? சொல்லுங்க” என்றார். அப்பா பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். இடக்கையால் பால்கனியைக் காட்டினார்.

பீளமேட்டில் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் கட்டடத்துக்கு மேலே விமானங்கள் தாழ்வாகத்தான் வரும். சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலையைத் தொடுகிற மாதிரி போகும். சத்தம் பிடிக்காமல் இங்கே வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்பா அதைப் பார்க்கத்தான் காலையும் மாலையும் நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளச் சொல்லிக் கைகாட்டுகிறார். காலமெல்லாம் தோட்டத்தில் இருந்தவருக்குத் தோட்டத்தில் பார்க்க என்ன மிச்சம் இருக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அவர் பார்வையை மறைக்கிறது என்று தென்னம்பிள்ளைத் தொட்டியை ஓரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறோம். தொட்டியிலேயே நன்றாக வளர்ந்துவிட்டது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நடுவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. புதுச் சொல்.

“அ… ணி.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். “ஆணி கேக்கறாரு போல. இப்ப எதுக்கு ஆணி?” என்றபடி அலமாரியில் ஆணி டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

“அ… ணி” என்று மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை ‘ம்’ நிஜமாகவே விழுந்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, “வாரேனுங்கப்பா” என்று குரல் கொடுத்துக்கொண்டே போனேன்.